ஏற்காட்டுல கொலை, லைப்சிக்ல தம்பி: என் தொடர்கதைக்கு விவரம் வேணுங்க

தறிச்சத்தம், அம்மாபேட்டை:

எல்லாருக்கும் வணக்கங்க. ஒரு துப்பறியும் தொடர்கதை எழுதிட்டு இருக்கறேன், பாதி தாண்டியாச்சு, இப்ப ஒரு இடத்துல நின்னு போச்சு. விவரம் தெரிஞ்சவங்க சொன்னா முடிச்சிருவேன்.

கதை நடக்கறது 1995ல. ஏற்காட்டுல ஒரு காப்பித் தோட்டத்து பங்களாவுல குடியிருக்கற ஜெர்மன்காரர், வயசு 65, காலைல பால்காரர் போய்ப் பார்த்தா வராந்தாவுல தலைல அடிபட்டு செத்துக் கிடக்கறார். மெட்ராஸ் ஐஐடி 1959ல மேற்கு ஜெர்மனி உதவியோட வந்துச்சு இல்லீங்களா, அதுல பாடம் நடத்த 1960கள்ல வந்தவரு, வேலை முடிஞ்சும் திரும்பிப் போகாம மலையேறி வந்து தங்கிட்டாருன்னு வெச்சிருக்கேன். எனக்கு சொந்தம்னு யாருமே கிடையாதுன்னு ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டே இருந்த மனுஷன். ஆனா இன்ஸ்பெக்டர் பீரோவைத் தொறந்து பார்த்தா கட்டுக் கட்டா கடிதாசி, அத்தனையும் கிழக்கு ஜெர்மனி ஸ்டாம்ப் ஒட்டினது, லைப்சிக்ல இருந்து கூடப் பொறந்த தம்பி எழுதினது.

அண்ணன் 1954லயே மேற்க போயிட்டாரு, தம்பி அப்பா அம்மாவோட கிழக்கயே இருந்துட்டாரு. 1961 ஆகஸ்ட் 13ஆம் தேதி பெர்லின்ல எல்லையை மூடினதுக்கு அப்புறம் ரெண்டு பேரும் பார்த்துக்கவே இல்ல. இது வரைக்கும் எழுதிட்டேன்.

தம்பி ஸ்டாசிக்கு (கிழக்கு ஜெர்மனி ரகசிய போலீஸ்) உளவு சொன்னவரு, அந்த உண்மை வெளிய வந்துரும்னு பயந்து ஆளை அனுப்பிக் கொன்னுட்டாருன்னுதான் முதல்ல யோசிச்சேன். எழுதிப் பார்த்தா மனசு ஒட்ட மாட்டேங்குது. நாடு ரெண்டானா ஒரு வீட்டுக்குள்ள என்னென்ன ஆகும்னு எனக்கு சரியா பிடிபடணும், அது இல்லாம கொலைகாரனை மட்டும் காட்டி முடிக்க விருப்பம் இல்ல. அப்புறம் ஏற்காடு ஸ்டேஷன்ல இருக்கற ஒரு இன்ஸ்பெக்டர், அதுவும் 1995ல, இதை எல்லாம் எந்த வழில கண்டுபிடிக்க முடியும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

காப்பிக்காடு, நாகலூர்:

தம்பி, கதை நம்ம மலையில நடக்குதுன்னதும் ஆர்வமா படிச்சேன். முதல்ல ஊர் விஷயம். பங்களாவை ஏரிக்கரைப் பக்கம் வெக்காதீங்க, அங்க ராத்திரி ஒரு சத்தம் கேட்டா பத்து பேர் எட்டிப் பார்ப்பாங்க. சேர்வராயன் கோயில் போற ரோட்டுல இருந்து உள்ள தள்ளி, சில்வர் ஓக் மரமும் மிளகுக் கொடியுமா இருக்கற பழைய எஸ்டேட்டா வெச்சீங்கன்னா ஆள் வந்து போனது யாருக்கும் தெரியாது. டிசம்பர் ஜனவரி மாசமா இருக்கட்டும், பழம் பறிக்கற நேரம், வேலைக்கு வெளியாளுங்க நிறைய வந்து போவாங்க, விசாரணையும் சிக்கலாகும். கீழ இருந்து வர்றவன் அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் வரணும், குப்பனூர் வழியாவும் ஏறலாம், ஒருத்தன் வந்த வழியை விட்டுட்டு அந்த வழியா இறங்கிப் போயிட்டான்னா அதையே ஒரு துப்பா வெச்சுக்கலாம்.

இன்னொண்ணு காப்பி. இது உங்க கதைல கட்டாயம் வரணும்னு எனக்குத் தோணுது. 1975ல பிரேசில்ல பனி விழுந்து காப்பிச் செடி எல்லாம் கருகிப் போய் உலகம் பூரா விலை ஏறுச்சு, எங்க அப்பாவெல்லாம் அந்த விலைய வயசான காலத்துலயும் பேசிட்டே இருப்பாரு. அந்த விலை கொடுத்து வாங்க கிழக்கு ஜெர்மனி அரசாங்கத்துகிட்ட அன்னியச் செலாவணி இல்ல, அதனால 1977ல பாதி காப்பி, மீதி தானியம் பட்டாணி மாதிரி சாமானெல்லாம் வறுத்துக் கலந்து ஒரு தூளை விட்டாங்க, ஜனங்க குடிக்க முடியாம சண்டைக்கு வந்துட்டாங்க. மேற்க இருக்கற சொந்தக்காரங்க பார்சல்ல அனுப்பற காப்பியத்தான் அங்க நிறைய வீட்டுல நம்பிட்டு இருந்தாங்க. உங்க அண்ணன்காரர் காப்பித் தோட்டத்துக்கு நடுவுலயே குடியிருக்காரு, தம்பிக்கு ஒரு பார்சல் கூடவா அனுப்பாம இருப்பாரு? அனுப்பிட்டு இருந்தாருன்னா எப்ப நிறுத்தினாரு, ஏன் நிறுத்தினாரு? போஸ்டாபீஸ்ல பழைய ஆளுங்களைக் கேட்டாலே இன்ஸ்பெக்டருக்கு பாதி கதை வந்துரும்.

ஓய்வு ரைட்டர், அஸ்தம்பட்டி:

வணக்கம் தம்பி. நான் ஸ்டேஷன் ரைட்டரா இருந்து ரிட்டயர் ஆனவன், நடைமுறை மட்டும் சொல்றேன்.

1995னா பழைய சட்டம்தான். சாவுல சந்தேகம்னா குற்ற நடைமுறைச் சட்டம் 174ல பதிவு பண்ணி பிரேத விசாரணை, கொலைன்னு தெரிஞ்சதும் இபிகோ 302க்கு மாத்துவாங்க. இப்ப நடக்கற கதையா இருந்தா நம்பர் எல்லாம் வேற, 2024 ஜூலைக்கு அப்புறம் புது தண்டனைச் சட்டம், பிஎன்எஸ் 103 வந்துருச்சு. போஸ்ட்மார்ட்டம் சேலம் ஜிஹெச்ல நடக்கட்டும்.

வெளிநாட்டுக்காரர் ரொம்ப நாள் தங்கினா மாவட்ட எஸ்பி ஆபீஸ்ல பதிவு பண்ணியே ஆகணும், எஸ்பிதான் அதுக்கு அதிகாரி. அங்க அவருக்குன்னு தனி ஃபைல் இருக்கும், எப்ப வந்தாரு, எந்த பாஸ்போர்ட், எங்க பொறந்தாருன்னு எல்லாம் அதுல வரும். பொறந்த ஊரு லைப்சிக், பாஸ்போர்ட் மேற்கு ஜெர்மனி, இது ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல பார்க்கறப்பவே விவரமான இன்ஸ்பெக்டருக்கு ஒரு கேள்வி வந்துரணும். நம்ம அரசாங்கம் கிழக்கு ஜெர்மனிய அங்கீகாரம் பண்ணினதே 1972லதான், அதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்துக் கடிதாசி ஒருத்தருக்கு மாசா மாசம் வந்துச்சுன்னா மத்திய உளவுத்துறை ஐபிகாரங்களும் ஒரு பார்வை பார்த்திருப்பாங்க, அந்தக் குறிப்பும் ஃபைல்ல இருக்கலாம்.

ரெண்டாவது, லாட்ஜ். அப்ப வெளிநாட்டு ஆள் ரூம் போட்டா 24 மணி நேரத்துக்குள்ள லாட்ஜ்காரர் அவங்க விவரத்தை எழுதி சி ஃபார்ம்னு ஒண்ணை போலீசுக்குக் கொடுக்கணும். கொலை நடந்த வாரத்துல சேலத்துலயும் ஏற்காட்டுலயும் வந்த சி ஃபார்ம் அத்தனையும் வாங்கி அடுக்கறதுதான் நாங்க செய்யற முதல் வேலை. வந்தவன் ஜெர்மன்காரனா இருந்தா அதுல மாட்டாம போகவே முடியாது, சொந்தக்காரர் வீட்டுலயே தங்கினான்னாத்தான் தப்பிக்கலாம்.

மூணாவது, சென்னைல இருக்கற ஜெர்மன் துணைத் தூதரகத்துக்கு தகவல் கொடுத்தாகணும், அது சர்வதேச ஒப்பந்தப்படி கட்டாயம். ஜெர்மனிக்குப் போய் விசாரிக்கணும்னா இன்ஸ்பெக்டர் நினைச்சதும் ஃபிளைட் ஏற முடியாதுங்க, சினிமாவுல வர்ற மாதிரி எழுதிராதீங்க. அதே நடைமுறைச் சட்டம் 166ஏ பிரிவுல கோர்ட்டுல மனு போட்டு, கோர்ட்டு கேட்டு எழுதற கடிதம் டெல்லி வழியா அந்த நாட்டுக்குப் போகும், அவங்க விசாரிச்சு பதில் அனுப்புவாங்க. மாசக்கணக்குல ஆகும். கதைல அந்தக் காத்திருப்பையும் காட்டுங்க, ஒரு கேஸ்ல பாதி வேலை காத்திருக்கறதுதான்.

மீனா, லைப்சிக்:

நான் சேலத்துப் பொண்ணு, செவ்வாப்பேட்டை, கல்யாணத்துக்கு அப்புறம் லைப்சிக்லதான் இருக்கேன். இந்தத் திரியப் பார்த்ததும் எழுதாம இருக்க முடியல.

அண்ணா, உளவு சொன்ன தம்பின்னு எழுதறது சுலபம், இங்கயே நிறைய பேர் எழுதிட்டாங்க. நீங்க கேட்டது ஒரு வீட்டுக்குள்ள என்ன ஆகும்னு. அதுக்கு ரெண்டு இடம் பாருங்க, ஒண்ணு ஃபைல், ஒண்ணு வீடு.

ஃபைல்னா ஸ்டாசி ஃபைல். 1989 டிசம்பர் 4ஆம் தேதி லைப்சிக் ஜனங்களே ஸ்டாசி ஆபீஸுக்குள்ள புகுந்து, பேப்பரை அழிக்கறதை நிறுத்தினாங்க, அந்தக் கட்டடம் இப்ப மியூசியம். கடைசி நேரத்துல முழுநேர ஆளுங்க மட்டும் 91,000 பேர், அக்கம்பக்கத்துல இருந்துட்டே தகவல் சொன்னவங்க ஏறக்குறைய 1,80,000 பேர். வரிசையா அடுக்கினா 111 கிலோமீட்டர் வர்ற அளவுக்கு ஃபைல், அது போக கையால கிழிச்சுப் போட்டது 15,000 மூட்டைக்கு மேல. 1992 ஜனவரில இருந்து யார் வேணா தன்னோட ஃபைலைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம்னு சட்டம் வந்துச்சு. அதுக்கப்புறம் எத்தனை வீடு உடைஞ்சுதுன்னு இங்க இருக்கற வயசானவங்களைக் கேட்டா சொல்லுவாங்க, சில பேர் இன்னும் கேட்டு வாங்காமலே இருக்காங்க, படிச்சா யாரோட பேரு வருமோன்னு பயம்.

அந்த ஃபைல்ல கடிதாசியும் இருக்கும். வெளிநாட்டுக்குப் போற வர்ற தபாலைப் பிரிச்சுப் பார்க்கறதுக்குன்னே தனிப் பிரிவு வெச்சிருந்தாங்க, ஆவி காட்டி ஒட்டைப் பிரிச்சு, நகல் எடுத்து, திரும்ப ஒட்டி அனுப்புவாங்க, சிலதை அனுப்பவே மாட்டாங்க. அதனால ஒரு யோசனை. தம்பி ஒவ்வொரு கடிதாசி மேலயும் ஒரு ஓரமா நம்பர் போடறவருன்னு வெச்சுக்கோங்க, எது வந்துச்சு எது வரலைன்னு அண்ணனுக்குத் தெரியணும்னு. இன்ஸ்பெக்டருக்கு ஜெர்மன் தெரியாது, ஆனா நம்பர் தெரியும் இல்லையா? அடுக்கிப் பார்க்கறாரு, 1970ல நடுவுல நாலஞ்சு நம்பர் காணோம். அந்தக் காணாமப் போன கடிதாசி பூரா லைப்சிக்ல ஒரு ஃபைலுக்குள்ள இருக்கு. அதுல என்ன எழுதியிருந்துச்சு? அப்பா செத்துட்டாரு, வீடு உன் பேர்லயும் என் பேர்லயும் வருது, நீ வெளிய இருக்கறதால உன் பாதிய அரசாங்கம் நிர்வாகத்துக்கு எடுத்துக்குது, நான் என்ன பண்ணட்டும் சொல்லுன்னு தம்பி கெஞ்சிக் கேட்டது. அண்ணன் கைக்கு அது வரவே இல்ல, பதிலும் போகல. அப்பா செத்ததுக்குக் கூட ஒரு வரி எழுதலையேன்னு தம்பிக்கு மனசு விட்டுப் போச்சு. இங்க ஏற்காட்டுல அண்ணன், அப்பா செத்ததைக் கூட யாரோ சொல்லித்தானே தெரிஞ்சுதுன்னு காப்பிப் பார்சலை நிறுத்திட்டாரு. காப்பிக்காடு அண்ணா கேட்டதுக்கு பதில் இதுலயே வந்துருச்சு பாருங்க.

இன்னொரு ஓட்டையும் அடைக்கணும். 1972 அக்டோபர்ல கிழக்கு ஜெர்மனில ஒரு சட்டம் போட்டாங்க, அந்த வருஷத்துக்கு முன்னாடி ஓடிப் போனவங்க குடியுரிமை போச்சு, ஆனா ஓடிப்போன குத்தத்துக்கு இனி வழக்கு கிடையாதுன்னு. அதனால உங்க அண்ணன் அதுக்கப்புறம் விசா வாங்கிட்டு வந்து பார்த்திருக்கலாம். ஏன் வரலைன்னு படிக்கறவங்க கட்டாயம் கேட்பாங்க. 1970 கடிதாசிதான் அதுக்குக் காரணம்னு வெச்சா நிக்கும்.

குகை வாசகன்:

மீனா அக்கா எழுதினதைப் படிச்சு நெஞ்சு கனத்துப் போச்சு. ஆனா கொலைக்குக் காரணம் இன்னும் வரலையே. மனஸ்தாபத்துக்காக 25 வருஷம் கழிச்சு ஏழாயிரம் கிலோமீட்டர் வந்து யாரும் கொல்ல மாட்டாங்க.

துப்பறியறவங்களுக்கு ரெண்டு நிஜ வழக்கு சொல்றேன். 1981ல கிழக்கு ஜெர்மனில ஹாலேங்கற ஊர் பக்கத்துல, லைப்சிக் போற ரயில் பாதை ஓரமா ஒரு சூட்கேஸ்ல ஏழு வயசுப் பையன் பிணம் கிடைச்சுது. சூட்கேஸ்குள்ள இருந்த பழைய பேப்பர்ல யாரோ குறுக்கெழுத்துப் போட்டி நிரப்பியிருந்தாங்க. அந்தக் கையெழுத்து யாருதுன்னு கண்டுபிடிக்க கிழக்கு ஜெர்மனி போலீஸ் அஞ்சரை லட்சம் பேரோட கையெழுத்தை வாங்கி ஒப்பிட்டுப் பார்த்துச்சு, கடைசில அதை எழுதின ஒரு பெண்ணைக் கண்டுபிடிச்சு, அவங்க மகளோட காதலனைப் பிடிச்சாங்க. இன்னொண்ணு, 1974ல பெர்லின் ஃப்ரீட்ரிக்ஷ்ட்ராஸ ஸ்டேஷன்ல மேற்க போகப் பார்த்த போலந்துக்காரர் ஒருத்தரை முதுகுல சுட்டாங்க. ஐம்பது வருஷம் கழிச்சு, 2024 அக்டோபர்லதான் பெர்லின் கோர்ட்டு அப்ப ஸ்டாசில இருந்த 80 வயசு ஆளுக்கு பத்து வருஷம் ஜெயில் கொடுத்துச்சு. ஆளைக் காட்டிக் கொடுத்தது ஸ்டாசியோட சொந்தக் காகிதம்தான். ஜெர்மனில 1979ல இருந்து கொலைக்கு காலவரம்பு கிடையாது, அதனாலதான் இது நடந்துச்சு. உங்க கதைலயும் கையெழுத்தும் காகிதமும்தான் ஆளைப் பிடிக்கணும், ரத்தக்கறையும் கைரேகையும் வேண்டாம்.

மீனா, லைப்சிக்:

குகை வாசகன் கேட்டது நியாயம். காரணம் வீடுதான், நான் ரெண்டாவதுன்னு சொல்லிட்டு விட்டுட்டேன்.

1990ல ரெண்டு நாடும் சேர்ந்தப்ப, அரசாங்கம் எடுத்துகிட்ட சொத்தை பழைய உரிமையாளருக்கே திருப்பிக் கொடுக்கணும், பணமா நஷ்டஈடு அதுக்கு அடுத்துதான்னு சட்டம் போட்டாங்க. வீடு நிலத்துக்கு மட்டும் இருபது லட்சத்துக்கு மேல கேட்டு மனு வந்துச்சு. நினைச்சுப் பாருங்க, நாப்பது வருஷமா ஒரு வீட்டுல குடியிருந்து, கூரைக்கு ஓடு கிடைக்காத காலத்துலயும் அலைஞ்சு வாங்கிட்டு வந்து மாத்தினவங்க கிட்ட ஒரு நாள் மேற்க இருந்து வக்கீல் கடிதம் வருது. நம்ம ஊர்ல பங்காளிங்க பாகப்பிரிவினைல அடிச்சுக்கறது மாதிரிதான், ஆனா இங்க பாகம் பிரிச்சது ஒரு நாட்டோட சட்டம், திருப்பிக் கேட்கறது இன்னொரு நாட்டோட சட்டம்.

அதுல ஒரு தேதி இருக்கு, துப்பறியும் கதைக்குன்னே செஞ்ச மாதிரி. நேர்மையா காசு கொடுத்து வாங்கினவங்களுக்கு வீடு அவங்களுக்கேன்னு பாதுகாப்பு உண்டு, ஆனா வாங்கினது 1989 அக்டோபர் 18க்கு அப்புறம்னா அந்தப் பாதுகாப்பு பொதுவா கிடையாது, அன்னிக்குத்தான் கிழக்கு ஜெர்மனித் தலைவர் ஹோனெக்கர் பதவி இறங்கினாரு. அந்தத் தேதிக்கு முன்னாடியே எழுத்துல விண்ணப்பிச்சிருந்தா விதிவிலக்கு உண்டு. இப்ப உங்க கதைல தம்பி குடும்பம் அண்ணனோட பாதிய 1990 வசந்தத்துல, நாடு சேரறதுக்கு முன்னாடி அவசர அவசரமா அரசாங்க நிர்வாகத்துகிட்ட வாங்கறாங்க. 1992 டிசம்பர் 31 தான் மனு போட கடைசி நாள். அதுக்குள்ள ஏற்காட்டுல இருந்து அண்ணன் மனு போட்டுட்டாரு. கேஸ் நடக்குது, 1995ல முடிவு வரப் போகுது, பத்திரத் தேதியால தம்பி பக்கம் தோக்கப் போகுது.

ஆனா வர்றது தம்பி இல்ல. தம்பிக்கு ஒரு மகன், முப்பது வயசு, அந்த வீட்டுலயே பொறந்தவன். சேர்ந்ததுக்கு அப்புறம் இங்க எத்தனையோ ஃபேக்டரி மூடிட்டாங்க, வேலை போச்சு, கையில மிச்சம் அந்த வீடு ஒண்ணுதான். பெரியப்பாவை அவன் கண்ணால பார்த்ததே இல்ல. அவனைக் கெட்டவனா மட்டும் எழுதிராதீங்க அண்ணா, இங்க அந்த வயசு ஆளுங்களை நிறைய பார்த்திருக்கேன், அவங்க கோவத்துக்கு ஒரு நியாயம் உண்டு, கொலைக்குத்தான் நியாயம் கிடையாது.

தறிச்சத்தம், அம்மாபேட்டை:

மீனாங்க, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. நேத்து ராத்திரி உக்காந்து எழுத ஆரம்பிச்சுட்டேன். மகன் சேலத்துல லாட்ஜ்ல தங்கறான், சி ஃபார்ம்ல அவன் குடும்பப் பேரும் செத்தவரு குடும்பப் பேரும் ஒண்ணு, ரைட்டர் ஐயா சொன்ன மாதிரி அங்கயே ஆள் யாருன்னு தெரிஞ்சுருது. ஆனா அதுக்குள்ள அவன் ஃபிளைட் ஏறிட்டான். அவனை இங்க கொண்டு வர முடியுமா? அப்புறம், காணாமப் போன அந்த 1970 கடிதாசியை யாராவது ஒருத்தர் படிச்சாகணும், அண்ணன் செத்துட்டாரு, தம்பிதான் மிச்சம். தம்பிய எப்படி கதைக்குள்ள கொண்டு வர்றதுன்னு யோசிச்சுட்டு இருக்கேன்.

மீனா, லைப்சிக்:

மகனை இந்தியாவுக்குக் கொண்டு வர முடியாது. ஜெர்மன் அரசியல் சட்டம் 16ஆவது பிரிவுப்படி அன்னிக்கு சொந்தக் குடிமகனை எந்த வெளிநாட்டுக்கும் ஒப்படைக்க மாட்டாங்க. ஆனா விட்டுற மாட்டாங்க, வெளிநாட்டுல பண்ணின கொலைக்கு இங்கயே கேஸ் நடத்தலாம். அதனால விசாரணை லைப்சிக் கோர்ட்டுல, சாட்சி சொல்றதுக்கு உங்க ஏற்காடு இன்ஸ்பெக்டரையும் அந்த பால்காரரையும் கூப்பிடட்டும். 1970 கடிதாசி விஷயத்துக்கும் வழி இருக்கு, செத்தவங்களோட நெருங்கின சொந்தம் தகுந்த காரணம் காட்டி ஃபைலைக் கேட்கலாம். இல்லாட்டி தம்பி தன்னோட ஃபைலைக் கேட்டாலே போதும், எழுதினது அவருதானே, நகல் அதுலயே இருக்கும். அவரு இத்தனை வருஷமா கேட்காமலே இருந்தவருன்னு வெச்சீங்கன்னா நல்லாருக்கும்.

ஓய்வு ரைட்டர், அஸ்தம்பட்டி:

தம்பியக் கொண்டு வர்றதுக்கு நான் வழி சொல்றேன். உடலை என்ன பண்றதுன்னு யாராவது யோசிச்சீங்களா? வெளிநாட்டுக்காரர் செத்தா இங்கயே அடக்கம் பண்றதா, ஊருக்கு அனுப்பறதான்னு நெருங்கின சொந்தத்துகிட்ட சம்மதம் வாங்கணும், தூதரகம் மூலமாத்தான் கேட்பாங்க. நெருங்கின சொந்தம்னா இந்த தம்பிதான். அதனால இன்ஸ்பெக்டருக்கு மகன் மேல சந்தேகம் வர்றதுக்கு முன்னாடியே, பிணம் ஜிஹெச் மார்ச்சுவரில இருக்கறப்பவே, லைப்சிக்குக்கு தகவல் போயிருக்கும், பெரியவரும் கையால எழுதி கையெழுத்துப் போட்டு பதில் அனுப்பியிருப்பாரு, அண்ணனை அவரு இருந்த மலையிலயே அடக்கம் பண்ணுங்கன்னு.

அந்தக் கடிதத்தை ஃபைல்ல போட்டு மூடிராம, பீரோவுல இருந்த கடிதாசிக் கட்டோட வெச்சுப் பார்க்கச் சொல்லுங்க. பழைய கடிதாசியோட கையெழுத்து பொருந்தும். வீட்டு மேல உரிமை கேட்டா நல்லா இருக்காதுன்னு மிரட்டி 1993ல தம்பி பேர்ல ஒரு கடிதாசி வந்திருந்துச்சுன்னு வெச்சுக்கோங்க, அதுல கையெழுத்து பொருந்தாது, ஓரத்துல நம்பரும் இருக்காது. தம்பி பேர்ல எழுதினது யாருன்னு அப்ப கேள்வி வருது பாருங்க, அங்க இருந்து சி ஃபார்முக்குப் போங்க.